இத்தாலிய ராணுவ ரைபிளுக்குச் சரியான தோட்டாவைத் தேடும் முறை

சேர்வராயன் மலையின் பழைய காப்பித் தோட்ட வீடுகளில் 'பன்னிரண்டு போர்' (12 bore) எனப்படும் வேட்டைத் துப்பாக்கி இருப்பது புதிதல்ல. எங்கள் வீட்டு பீரோவில் அதனோடு தாத்தா காலத்து இத்தாலிய ரைபிள் ஒன்றும் உண்டு. அதற்குத் தோட்டா தேடியபோது சேலத்துக் கடை ஒன்றில், "ஆறரை மில்லி எல்லாம் ஒன்றுதான் சார்" என்று சொன்னார்கள். அதை நம்பி வாங்கியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

முதலில் காகிதம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்க முடியாது. துப்பாக்கி இறந்தவர் பெயரில் இருந்தால், வாரிசு தன் பெயருக்கு உரிமம் பெற விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. பழம்பொருள் என்று சொல்லித் தப்பிக்கலாம் என நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள ஆயுதத்துக்குத்தான் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்குத் தருகிறது, சுடக்கூடிய ரைபிள் எத்தனை பழையதானாலும் உரிமத்துக்கு உட்பட்டதே.

அடுத்தது அடையாளம். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் 1891இல் இத்தாலிய ராணுவம் ஏற்றுக்கொண்ட கார்கானோ வகை ரைபிளாக இருக்கும். அதற்குரியது 6.5 × 52 மில்லிமீட்டர் தோட்டா (முதல் எண் குழலின் அளவு, அடுத்தது தோட்டாக் கூட்டின் நீளம்). குழலின் பின்பகுதியை எண்ணெய்த் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். டெர்னி, பிரெஷியா, கார்தோனே போன்ற ஊர்ப் பெயரும், தயாரித்த ஆண்டும் தெரியும். முசோலினி காலத்து ரைபிள்களில் ஆண்டுக்குப் பக்கத்தில் பாசிச ஆட்சியின் ஆண்டு ரோமன் எண்ணில் இருக்கும். 1938 என்ற எண்ணின் அருகில் பதினாறு இருந்தால் குழப்பம் வேண்டாம், 1922 அக்டோபரிலிருந்து எண்ணிய கணக்கு அது.

ஆபத்து இந்த 1938இல்தான் தொடங்குகிறது. அந்த ஆண்டு இத்தாலி 7.35 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற முயன்று, போர் நெருங்கியதும் பழைய 6.5க்கே திரும்பியது. ஆகவே ஒரே தோற்றத்தில் இரண்டு அளவு ரைபிள்கள் இருக்கின்றன. 7.35 அளவுள்ளதன் பின்குறியில் (குறிபார்க்கக் குழலின் மேல் பின்பக்கம் இருப்பது) அந்த எண்ணைப் பொறித்திருப்பார்கள். போதாக்குறைக்கு, ஜப்பானுக்காக இத்தாலி செய்த ரைபிள்கள் 6.5 × 50 அரிசாகா தோட்டாவைச் சுடுபவை. கார்கானோவுக்கு முந்தைய 1870ஆம் ஆண்டு வெட்டர்லி ராணுவ ரைபிள்கள் சிலவற்றையும் முதல் உலகப்போரின்போது 6.5க்கு மாற்றினார்கள். வெட்டர்லியில் குழலின் பின்வாயை அடைக்கும் பூட்டு கரிமருந்துக் காலத்தின் அழுத்தத்துக்குச் செய்தது என்பதால், அதைச் சுடாமல் வைத்திருப்பதே நல்லது.

முத்திரையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து, குறைந்த சூட்டில் உருகும் கலவை உலோகத்தால் தோட்டா அறையை அச்செடுத்து அளக்கச் சொல்லுங்கள். கார்கானோ தோட்டாவிலிருந்து பாயும் குண்டு ஏறத்தாழ 6.80 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. மற்ற ஆறரை மில்லி ரைபிள்களின் குண்டு 6.70தான். பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் என்று அலட்சியமாக இருந்தால், குண்டு குழலின் உட்சுவரில் வெட்டிய புரிகளைச் சரியாகப் பிடிக்காமல் குறி சிதறும்.

தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் தகடான கிளிப்பையும் சேர்த்துத் தேடுங்கள். ஆறு தோட்டாக்களைக் கிளிப்போடு மேலிருந்து அழுத்தி ஏற்ற வேண்டும். எந்த முனை மேலே இருந்தாலும் பொருந்தும். கடைசித் தோட்டா அறைக்குள் போனதும் வெறும் கிளிப் அடித்துளை வழியே விழுந்துவிடும். கிளிப் இல்லாவிட்டால் ரைபிளின் தோட்டாப் பெட்டி வேலை செய்யாது.

கொள்முதலைப் பொறுத்தவரை உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்காகச் செய்பவை .315, .32, .22, பன்னிரண்டு போர் போன்றவையே. கார்கானோ தோட்டாவைச் செர்பியாவின் பிரவி பார்ட்டிசான், ஸ்வீடனின் நோர்மா ஆகிய நிறுவனங்கள் செய்திருக்கின்றன. ஆனால் தனிநபர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கடுமையானது. எனவே உரிமம் பெற்ற வியாபாரியிடம் தோட்டாவின் முழுப் பெயரை எழுதிக்கொடுத்து, பழைய இருப்பு உண்டா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். கிடைத்தால் ரசீதும் உரிமப் புத்தகத்தில் பதிவும் இல்லாமல் வாங்காதீர்கள். உரிமமின்றி வீட்டில் தோட்டா நிரப்புவதும் குற்றம்.

போர்க்காலத் தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பில் உள்ள உப்பு குழலை அரிக்கும். சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். ஏற்காட்டு மூடுபனியில் ஒரே இரவில் துரு பிடித்துவிடும். பச்சை படிந்த தோட்டாக்கள் பரணில் அகப்பட்டால் சுட்டுப் பார்க்காமல், காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்து ஒப்படைத்துவிடுங்கள். நான் ஒப்படைத்தவை பதினொன்று. ரைபிள் இன்றுவரை சுடாமலேயே இருக்கிறது.