பழைய நாணயம் தேடப் புதிய சுருளைப் பழக்குதல்

உலோகம் கண்டறியும் கருவிக்குப் புதிய தேடுசுருள் (தண்டின் அடியில் இருந்து தரையை ஒட்டி வீசப்படும் வட்டு) வாங்கியவர்கள் பலர், அதை மாட்டிய அன்றே நிலத்துக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். அந்த அவசரம் வேண்டாம். சுருள் மாறினால் கருவியின் பேச்சே மாறிவிடும். பழைய சுருளுக்குப் பழகிய காதுக்குப் புதியதன் ஒலி பிடிபடச் சில நாள்களாவது ஆகும்.

வாங்கும் முன், அச்சுருள் உங்கள் கருவிக்கும் அது இயங்கும் அதிர்வெண்ணுக்கும் உரியதுதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒன்றனுள் ஒன்றாக இரு வட்டக் கம்பிச்சுற்றுகள் கொண்ட ‘கான்சென்ட்ரிக்’ சுருளின் காந்தப்புலம் கூம்பாக இறங்கி, ஆழம் கூடக் கூடக் குறுகிவிடும். D எழுத்து வடிவில் இரு கம்பிச்சுற்றுகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படிந்த ‘டபுள் டி’ சுருளின் புலமோ முன்னிருந்து பின்வரை கத்தியின் அலகுபோல் நீண்டிருப்பதால், ஒரே வீச்சில் அதிக நிலத்தைத் துழாவுவதோடு, இரும்புத்தாது மிகுந்த மண்ணிலும் தடுமாறாமல் இயங்கும். பெரிய சுருள் ஆழமாகப் பார்க்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆணியும் தகரமும் இறைந்து கிடக்கும் இடத்தில் அதன் கீழ் ஒரே சமயத்தில் மூன்று நான்கு பொருள்கள் வந்துவிடுவதால், நாணயத்தின் ஒலியை இரும்பு விழுங்கிவிடும். அத்தகைய இடத்துக்கு 6 அங்குலச் சுருளே என் தேர்வு.

சுருளைத் தண்டில் பொருத்த, உடன் வரும் பிளாஸ்டிக் திருகையும் ரப்பர் வளையத்தையுமே பயன்படுத்துங்கள். கேபிளைத் தண்டின்மேல் நெருக்கமாகச் சுற்றி, சுருள் மடங்கத் தேவையான அளவு மட்டும் தளர்வு விடுங்கள். கேபிள் ஆடினால் பொய்யொலி எழும்.

அடுத்து, உலோகமே இல்லை என்று கருவியால் சோதித்தறிந்த ஒரு மூலையில் 10, 15, 20 செ.மீ. ஆழங்களில் நாணயங்களைப் புதையுங்கள். ஒன்றைச் செங்குத்தாகவும், இன்னொன்றைத் துருப்பிடித்த ஆணிக்குப் பக்கத்திலும் வையுங்கள். உலோகமற்ற மண்ணின்மேல் சுருளை ஏற்றி இறக்கி, ஒலி ஒரே சீராகும்வரை மண்ணுக்கேற்பக் கருவியைச் சமன்செய்த பின், தரையிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் மெதுவாக வீசிக் கேளுங்கள். வீச்சின் இரு முனைகளிலும் கை தன்னையறியாமல் மேலே எழும். ஆழத்தில் கிடக்கும் நாணயங்களைத் தவறவிடுவது பெரும்பாலும் அங்கேதான். ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியைத் தழுவ வேண்டும். கருவி ஓயாமல் சடசடத்தால், உணர்திறனைச் சற்றுக் குறைப்பதே ஆழத்துக்கும் நல்லது.

நல்ல நாணயத்தின் ஒலி, சுருளை இடமிருந்து வலமாக வீசினாலும் வலமிருந்து இடமாக வீசினாலும், நீங்கள் 90 பாகை சுற்றி நின்று வீசினாலும், ஒரே இடத்தில் உருண்டையாக எழும். வளைந்த ஆணி ஒரு திசையில் நாணயம்போல் நடித்தாலும், சுற்றி நின்று கேட்டால் ஒலி கரகரத்து உடைந்துவிடும், அல்லது இடம் மாறிவிடும். குறுக்கும் நெடுக்குமாக வீசி, இரு கோடுகளும் வெட்டும் புள்ளியைக் குறியுங்கள்.

நில உரிமையாளரின் அனுமதியின்றியும், பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களிலும் ஒருபோதும் தோண்டாதீர்கள். புல்தரையை மூன்று பக்கம் மட்டும் வெட்டி, மூடிபோல் புரட்டி எடுத்தால், குழியை நிரப்பிய பின் வேர் மீண்டும் பிடித்துக்கொள்ளும். கிடைத்த நாணயத்தை விரலால் தேய்க்காதீர்கள். ஒட்டியிருக்கும் மணல் துகள்களே அதன் முகத்தைக் கீறிவிடும்.

திரும்பி வந்ததும் சுருளின் உறையைக் கழற்றி உதறுங்கள். உள்ளே சேரும் கருமணலில் இரும்புத்தாது இருப்பதால், உதறாவிட்டால் அடுத்த நாள் காலையில் சுத்தமான மண்ணிலும் கருவி காரணமின்றி ஒலிக்கத் தொடங்கும்.