மலைப்பாதைக்குப் பழைய மாருதி 800: ஸ்பிரிங்கும் ஷாக்கும்

கோத்தகிரியில் பழைய கார் வைத்திருப்பவர்கள் வளைவில் வண்டி சாய்ந்தால் உடனே கெட்டியான ஸ்பிரிங் கேட்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஷாக் அப்சார்பர், அதாவது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் எண்ணெய்க் குழாய். அதன் உடலில் எண்ணெய் கசிந்திருந்தாலோ, டயர் மேடுபள்ளமாகத் தேய்ந்திருந்தாலோ அது போய்விட்டது. நல்ல ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டாம்.

எண்ணெய் மட்டும் உள்ளதா, வாயு நிரப்பியதா? நான் வாயு நிரப்பியதையே சொல்வேன். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஷாக் ஓயாமல் ஏறி இறங்கும்போது எண்ணெய் நுரைத்து, துள்ளலை அடக்கும் திறன் தளரும். வாயுவின் அழுத்தம் அந்த நுரையைக் குறைக்கிறது.

ஸ்பிரிங் தொய்ந்ததா என்று அறிய, சமதளத்தில் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். மாற்றுவதானால் கம்பியின் தடிமனைக் கவனியுங்கள். மற்ற அளவுகள் மாறாமல் 10 மில்லிமீட்டர் கம்பி 10.5 ஆனாலே விறைப்பு ஏறக்குறைய 22 சதவீதம் கூடும். அதற்கு மேல் போனால் பழைய ஷாக்கால் அடக்க முடியாது. மழைக்குப் பின் குழி விழுந்த சாலையில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும்.

ஸ்பிரிங் சுருளை அறுத்து வண்டியைத் தாழ்த்தித் தருகிறேன் என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். விறைப்பு கூடும், சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தன்னைத் தாங்கும் தட்டிலிருந்து நழுவவும் கூடும்.

எப்போதும் ஜோடியாகவே மாற்றுங்கள். முன்பக்க ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) மேல் மவுண்ட், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அமுங்கும்போது இடிப்பதைத் தாங்கும் கட்டை) இரண்டையும் அப்போதே புதிதாக்குங்கள். ரப்பர் புஷ் (இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையம்) போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். பிறகு வீல் அலைன்மென்ட்.