கேமும் வெளிவர வேண்டும், கூட்டமும் நடக்க வேண்டும்

எங்கள் பெங்களூரு அல்சூர் ஆபீஸில் கேம் செய்வது ஐந்து பேர்தான். ஆளாளுக்கு நிகழ்ச்சிக்குக் கிளம்பினால் கேம் வெளிவராது.

முதலில் ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில், வரப்போகும் கேம்களின் டெமோவை, அதாவது மாதிரிப் பகுதியை, ஆடிப் பார்க்கவிடும் விழா அது. வழக்கமாக பிப்ரவரி, ஜூன், அக்டோபரில் நடக்கும். ஒரு கேமுக்கு ஒரே வாய்ப்புதான். அதற்கு முந்தைய ஆறு வாரம் வேறெதற்கும் தலையாட்டாதீர்கள். ஜனவரிக் கடைசியில் குளோபல் கேம் ஜாம் வரும், உலகம் முழுக்கக் குழுக்கள் குறுகிய நேரத்தில் புது கேம் செய்து பார்க்கும் நிகழ்ச்சி, ஆசையாகத்தான் இருக்கும். பிப்ரவரி ஃபெஸ்ட்டில் உங்கள் டெமோ என்றால் ஜாமை விட்டுவிடுங்கள்.

மற்றபடி மாதம் ஒரு சனிக்கிழமை, இந்திராநகர் கஃபே ஒன்றில் ஆட்களைக் கூட்டி எங்கள் கேமை ஆடவிடுவோம். எங்களில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, கை எங்கே தயங்குகிறது என்று மட்டும் எழுதிக்கொள்வார். வாயைத் திறந்து சொல்லிக்கொடுக்கவே கூடாது. இதில் நான் ரொம்பப் பிடிவாதம். அப்புறம் திங்கள் காலை, அதிகம் பேர் தடுமாறிய மூன்று இடங்கள் நேராக வேலைப் பட்டியலுக்குப் போகும். அவற்றைச் சரிசெய்யும் புரோகிராமரைச் சனிக்கிழமை இழுக்காதீர்கள்.