நூல் பிடித்துக் குதியுங்கள்: லாராவோடு எகிப்துக் கல்லறைக்குள்

எனக்கு டைல்ஸ் பதிக்கிற வேலை. சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் நாள் முழுக்க முட்டி போட்டுக் கட்டம் எண்ணுகிறவன், ராத்திரி லேப்டாப்பிலும் கட்டம்தான் எண்ணுகிறான் என்று வீட்டில் கிண்டல். என்ன செய்ய, டோம்ப் ரைடர் என்ற கம்ப்யூட்டர் கேம் வரிசையின் நாலாவது ஆட்டமான 'தி லாஸ்ட் ரெவலேஷன்' அப்படிப்பட்டது. 1999 கடைசியில் வந்தது. கம்போடியாவில் நாயகி லாராவின் சின்ன வயதுக் கதை கொஞ்சம் ஓடும், அப்புறம் முழுக்க எகிப்துதான். 2025 பிப்ரவரியில் மெருகேற்றிய பதிப்பு வந்ததும், அக்கா மகன் பழைய பைத்தியத்தைக் கிளப்பிவிட்டான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை: புதுப் பதிப்பில் 'மாடர்ன்' கன்ட்ரோலைத் தொடாதீர்கள், பழையதையே வைத்துக்கொள்ளுங்கள். கை பழக இரண்டு நாள் ஆகும், ஆனால் குதிப்பின் அளவு பிசகாது. படத்தையும் அவ்வப்போது பழைய தோற்றத்துக்கு மாற்றிப் பாருங்கள். சதுரங்கள் சேரும் கோடு அதில்தான் பளிச்சென்று தெரியும். இந்த உலகம் முழுக்க ஒரே அளவுச் சதுரங்களால் கட்டியது. பாறையும் மணலும் கூட அப்படித்தான். அந்தக் கோட்டைப் பார்க்கக் கண் பழகிவிட்டால் பாதி ஆட்டம் முடிந்தது.

கணக்கு இதுதான். நின்ற இடத்திலிருந்து குதித்தால் ஒரு கட்டப் பள்ளம் தாண்டலாம், கையால் எட்டிப் பிடித்தால் இரண்டு. ஓடி வந்து குதித்தால் இரண்டு, பிடித்தால் மூன்று. நாலு கட்டப் பள்ளம் என்றால் அது வழியே இல்லை. கயிறோ வேறு பாதையோ எங்கோ இருக்கிறது, தேடுங்கள்.

ஓடிக் குதிக்கும்போதுதான் எல்லோரும் விழுகிறார்கள். அவசரம்தான் காரணம். ஷிஃப்டை அழுத்தியபடி விளிம்பு வரை நடங்கள். ஷிஃப்டில் கை இருக்கும்வரை லாரா விழமாட்டாள், நுனியில் வந்து தானாக நின்றுவிடுவாள். இப்போது கையை எடுத்துவிட்டு, பின் அம்புக்குறியை ஒரே ஒரு தட்டு. ஒரு துள்ளலில் அவள் பின்னால் போவாள். ஓட்டத்துக்கு வேண்டியது சரியாக அந்த இடம்தான். முன் அம்புக்குறியை அழுத்தி, அவள் கால் எடுத்ததுமே குதிக்கும் பொத்தானையும் அழுத்திப் பிடியுங்கள். விளிம்புக்கு வந்து அவளே எழும்புவாள். காற்றில் இருக்கும்போது கன்ட்ரோல் பொத்தான், கை பிடித்துக்கொள்ளும். நாங்கள் முதல் வரிசை டைல்ஸுக்கு நூல் பிடிப்பது போலத்தான்: விளிம்பில் நேராக நிற்கவில்லையென்றால் கடைசியில் ஒரு கட்டம் கோணலாகும், அவளுக்கு முள்தான்.

சேவ் பண்ணுவதில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரே இடத்தில் மேலே மேலே சேவ் பண்ணுவது என் வழக்கம். ஒருமுறை சரிவில் வழுக்கிக்கொண்டே சேவ் பண்ணும் எஃப்5 பொத்தானைத் தட்டிவிட்டேன். அதற்கப்புறம் எப்போது திறந்தாலும் அதே சரிவு, கீழே அதே குழி. மூன்று ராத்திரி உழைப்பு போச்சு. குறைந்தது நாலு இடங்களில் மாற்றி மாற்றிப் போடுங்கள். கால் தரையில் ஊன்றி நிற்கும்போது மட்டும்.

ஆரம்பத்தில் சேத் கல்லறையில் வழிகாட்டி தீப்பந்தத்தோடு முன்னால் நடப்பார். அவரை முந்தாதீர்கள். கிடைக்கிற துண்டுப் பொருள்களைப் பைக்குள் போட்டதோடு விடாமல், இரண்டை ஒன்றாகச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். 'ஹோரஸின் கண்' என்ற பொருள் அப்படிச் சேர்ந்துதான் முழுசாகும். மம்மிகளைச் சுட்டுத் தோட்டாவை வீணாக்க வேண்டாம், வெடிகுண்டுக்குத்தான் சாவார்கள். ஓடிவிடுவதே புத்திசாலித்தனம். எலும்புக்கூடுகளை விளிம்புக்கு வரவைத்து ஷாட்கன்னால் தள்ளிவிடலாம்.

'கேவி 5' என்று ஒரு லெவல் வரும். அது கற்பனைப் பெயர் இல்லை. எகிப்தின் அரசர் பள்ளத்தாக்கில் மன்னர் இரண்டாம் ராம்செஸின் மகன்களுக்காகக் குடைந்த கல்லறை. 1995இல் தொல்லியலாளர் கென்ட் வீக்ஸ் குழு உள்ளே போய்ப் பார்த்தபோது அறைக்கு மேல் அறையாக நீண்டுகொண்டே போனது, பின்னால் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. அத்தனை அறைக்கும் தரை போட எவ்வளவு டைல்ஸ் ஆகும் என்றுதான் என் புத்தி போனது.

எனக்குப் பிடித்த இடம் செமெர்கெத் கல்லறை. அங்கே லாரா செனட் என்ற பழைய எகிப்தியப் பலகை ஆட்டம் ஆடவேண்டும். துட்டன்காமூன் கல்லறையிலும் கிடைத்த ஆட்டம் இது. நம்ம தாயம் மாதிரி: கட்டைக்குப் பதில் குச்சி, விழுந்த எண்ணுக்குக் காயை நகர்த்தி எதிராளிக்கு முன்னால் கரை சேர்க்கவேண்டும். விதி எழுதிய சுருளை முதலில் படித்துவிடுங்கள். உட்காரும் முன் ஒரு சேவ். தோற்றாலும் கதை நிற்காது, வேறு வழி திறக்கும், சுற்றுதான் அதிகம்.

நான் இரண்டு முறை தோற்றேன். மூன்றாவது ஆட்டத்தில், கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா திரையை எட்டிப் பார்த்து, "முன்னாடி போறதையே ஏன்டா ஓட்டுற, பின்னால நிக்கிறதை இழு" என்றார். இழுத்தேன். கதவு திறந்தது.