சிபியு லூப்பில் கிராஃபிக்ஸ் கார்டையும் சேர்ப்பது எப்படி

சிபியுவுக்கு மட்டும் கஸ்டம் லூப் (தண்ணீரைச் சுற்றவிட்டுக் குளிர்விக்கும், நாமே கோத்த அமைப்பு) வைத்திருப்பவர்கள் கிராஃபிக்ஸ் கார்டையும் அதில் சேர்க்க நினைத்தவுடன் பிளாக் (சிப்பின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் உலோகக் கட்டை) தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்னால், தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டரைப் பாருங்கள்.

ரைசன் 5800எக்ஸ் சிபியு முழு வேகத்தில் 142 வாட் வரை இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு இழுப்பது 320 வாட். இரண்டும் சேர்ந்தால் 462. இதுவரை 240 மி.மீ. ரேடியேட்டர் ஒன்று மட்டும் இருந்திருந்தால் 120 மி.மீ. ஃபேன் ஒன்றுக்கு 71 வாட்தான் வேலை. கார்டு வந்தபின் அதுவே 231 வாட். ஃபேன் சத்தம் அறை முழுக்கக் கேட்கும், தண்ணீரும் சூடாகவே நிற்கும். சத்தமில்லாமல் ஓட 120 மி.மீ.க்கு 100 வாட் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சத்தத்தைப் பொறுத்துக்கொள்பவர்கள் 150 வரை போகலாம். ஆக இந்த ஜோடிக்கு இன்னொரு 360 மி.மீ. ரேடியேட்டர் தேவை. கேஸில் அதற்கு இடமில்லையென்றால் கார்டை அதன் ஃபேன் கூலரிலேயே விடுவது நல்லது.

பம்ப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். நல்ல நிலையில் உள்ள டி5 ரகப் பம்ப் இரண்டு பிளாக், இரண்டு ரேடியேட்டரைத் தாராளமாக இழுக்கும். எதற்குப் பின் எதை வைப்பது என்பதும் முக்கியமில்லை. நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடும் லூப்பில் 462 வாட்டும் சேர்ந்தாலே தண்ணீர் ஒரு சுற்றில் 2 டிகிரி சொச்சம்தான் ஏறும். ட்யூப் எந்த வழியில் குட்டையாக, மடங்காமல் போகிறதோ அதுவே சரியான வரிசை. ரிசர்வாயரிலிருந்து (லூப்பின் தொட்டி) தண்ணீர் நேராகப் பம்புக்குள் இறங்க வேண்டும், கட்டாயம் அது ஒன்றுதான்.

வாங்க வேண்டியவை

"3080-க்கு பிளாக்" என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள். ஸ்ட்ரிக்ஸ், கேமிங் எக்ஸ் ட்ரியோ, ஃபவுண்டர்ஸ் எடிஷன் என 3080 மாடல்கள் எல்லாவற்றிலும் சிப் ஒன்றுதான், போர்டு வேறு வேறு. ஒரே பெயரில் ரிவிஷன் மாறிப் போர்டும் மாறுவதுண்டு. கார்டின் பின்னால் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணை பிளாக் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பிளாக்கும் ரேடியேட்டரும் செம்பு, பித்தளை, நிக்கல் பூசிய செம்பு என்ற வகையறாவுக்குள் இருக்கட்டும். அதே தண்ணீரில் அலுமினியம் சேர்ந்தால் அரிப்பு தொடங்கிவிடும்.

கார்டுக்கு ஃபிட்டிங் (ட்யூப்பை மாட்டும் இணைப்பு) 2, புது ரேடியேட்டருக்கு 2, மூலையில் திருப்ப 90 டிகிரி ரோட்டரி 2. எல்லாம் ஜி 1/4 மரைதான். ட்யூப் அளவு பழையதோடு ஒத்துப்போக வேண்டும். 10/16 (உள் விட்டம் 10, வெளி விட்டம் 16 மி.மீ.) ட்யூப்பில் 10/13 ஃபிட்டிங் உட்காராது. ட்யூப் 2 மீட்டர், கூலண்ட் ஒன்றரை லிட்டர் வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும், மிஞ்சட்டும். வெறும் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுபவர்கள் பாசி பிடிக்காமலிருக்க பயோசைடும் அரிப்புத் தடுப்பானும் சேர்க்க வேண்டும். கேன் தண்ணீர் கூடவே கூடாது. ஆர்.ஓ. செய்திருந்தாலும் அதில் உப்பு இருக்கும்.

கார்டைப் பிரிப்பது

பிரிக்கும் முன் பழைய கூலரோடு கார்டை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கார்டிலேயே கோளாறு இருந்தால் அது இப்போதே தெரியட்டும். வாரண்டி விதியையும் படித்துவிடுங்கள். பத்து நிமிடம் கேம் ஓட்டி, அணைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே திருகுகளைக் கழற்றினால் சிப்புக்கும் கூலருக்கும் நடுவிலுள்ள வெப்பப் பேஸ்ட் இளகி வரும். கூலரை வெடுக்கென்று இழுக்காமல் இடமும் வலமும் லேசாகத் திருகி எடுங்கள். ஃபேன் வயர் இன்னும் போர்டில் மாட்டியிருக்கும், முதலில் அந்தக் கனெக்டரைப் பிடித்துக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் சாக்கெட்டும் சேர்ந்தே வந்துவிடும்.

சிப்பையும் மெமரியையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிடுங்கள். அடுத்தது பேட், அதாவது மெமரி போன்ற பாகங்களுக்கும் பிளாக்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் மெத்தை. கூலிங் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பழைய கூலரில் இருந்த பேட் தடிமனை அப்படியே பின்பற்றக் கூடாது. பிளாக்கின் இடைவெளி வேறு. மெமரிக்கு 1 மி.மீ., மாஸ்ஃபெட்டுக்கு (சிப்புக்கு மின்சாரம் கொடுக்கும் பாகம்) 1.5 என்று பிளாக்கின் கையேட்டில் எழுதியிருந்தால் அதேதான். மெமரியில் அரை மி.மீ. கூடிப்போனால் பிளாக் தூக்கிக்கொண்டு நிற்கும், நடுவிலுள்ள சிப்பைச் சரியாகத் தொடாது. குறைந்துபோனால் மெமரிக்கும் பிளாக்குக்கும் நடுவில் காற்றுதான் இருக்கும். 3080-இன் 10 ஜிபி மாடலில் சிப்பைச் சுற்றி 10 மெமரி இருக்கும், பத்திலும் பேட் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். பேட்டின் இரண்டு பக்கமும் மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். ஒரு பக்கம் உரித்துவிட்டு மறுபக்கத்தை மறப்பது சர்வசாதாரணம். பிளாக்கின் செம்பு முகத்திலும் ஒரு படலம் இருக்கும், அதையும் உரியுங்கள்.

சிபியுவைப் போல நடுவில் ஒரு பொட்டு வைத்தால் இங்கே போதாது. இது மூடியில்லாத சிப். மூலை வரை மெல்லிய பேஸ்ட் பூசிவிடுங்கள். பிளாக்கை நேராக இறக்கி, சிப்பைச் சுற்றியுள்ள நான்கு திருகுகளை எதிர் எதிர் மூலையாக, ஒவ்வொரு தடவைக்கும் அரைச் சுற்று மட்டும் முடுக்குங்கள். பிறகு ஓரத் திருகுகள். டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள், எந்தப் பேட்டுக்கு மேலாவது வெளிச்சம் தெரிந்தால் பேட் தவறு. முதல்முறை செய்பவர்கள் ஒருமுறை திரும்பக் கழற்றிப் பேஸ்டின் தடத்தைப் பார்ப்பது நல்லது. சிப் முழுவதும் சீராக அழுந்தியிருந்தால் துடைத்துப் புதுப் பேஸ்ட் போட்டு மூடிவிடலாம்.

லூப்பில் இணைப்பது

தாழ்ந்த இடத்தில் உள்ள வால்வைத் திறந்து பழைய கூலண்டை வடியுங்கள். ரிசர்வாயரின் மேல் மூடியைக் கழற்றினால்தான் காற்று புகுந்து தண்ணீர் இறங்கும். கேஸைச் சாய்த்தாலும் சிபியு பிளாக்கில் கொஞ்சம் தங்கியிருக்கும், ட்யூப்பைக் கழற்றும் இடத்தில் துணி வைத்துக்கொள்ளுங்கள். பழைய கூலண்டோடு வேறு கம்பெனிக் கூலண்டைக் கலக்க வேண்டாம். புது ரேடியேட்டருக்குள் தயாரிப்பின்போது தங்கிய துகள் இருக்கும். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிக் குலுக்கி, தெளிந்து வரும்வரை கொட்டுங்கள்.

கார்டு பிளாக்கின் டெர்மினலில் (ஃபிட்டிங் மாட்டும் பகுதி) பெரும்பாலும் நான்கு துளைகள் இருக்கும். மேலும் கீழுமாக இரண்டிரண்டு ஒரே பாதையைச் சேர்ந்தவை. ஒரே பாதையின் மேல் துளையில் விட்டுக் கீழ்த் துளையில் எடுத்தால் தண்ணீர் பிளாக்குக்குள் போகாமலே கடந்துவிடும். ஓட்டம் நன்றாக இருக்கும், கார்டு மட்டும் கொதிக்கும். உள்ளே ஒரு பாதை, வெளியே மறு பாதை, மிச்சம் இரண்டில் பிளக். எது இன்லெட் என்று கையேடு சொன்னால் அதை மாற்றாதீர்கள். பிளக்கும் ஃபிட்டிங்கும் கை இறுக்கம் போதும், கசிவைத் தடுப்பது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் அக்ரிலிக் விண்டுவிடும்.

தண்ணீர் ஊற்றும் முன் காற்றழுத்தச் சோதனை செய்யுங்கள். கேஜ் வைத்த கைப்பம்பால் 0.5 பார் ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். உங்கள் ரிசர்வாயர் அவ்வளவு தாங்குமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். முள் இறங்கினால் ஏதோ ஒரு ஓ-ரிங் நழுவியிருக்கிறது.

பிறகு மதர்போர்டு, கார்டு இரண்டின் பவர் கேபிள்களையும் கழற்றி, பம்புக்கு மட்டும் பவர் கொடுங்கள். 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் ஒரு கறுப்பையும் இணைத்தால் எஸ்எம்பிஎஸ் ஓடும். இப்போது எல்லா வயரும் கறுப்பாகவே வருவதால் ரெடிமேட் ஜம்பர் பிளக் வாங்குவதே பத்திரம். ரிசர்வாயரை நிரப்பி, சில நொடி ஓட்டி, மட்டம் இறங்கியதும் நிறுத்தி மறுபடி நிரப்புங்கள். பம்பின் பேரிங்குக்குத் தண்ணீர்தான் எண்ணெய், வறட்சியாக ஓட விடக் கூடாது. சுற்று நிறைந்ததும் கேஸை முன்னும் பின்னும் சாய்த்துக் குமிழ்களை வெளியேற்றுங்கள். ஃபிட்டிங்குகளுக்கு அடியில் டிஷ்யூ பேப்பர் வைத்துச் சில மணி நேரம் ஓட்டிய பின்பே மற்ற கேபிள்களை மாட்டுங்கள்.

எண்களைப் படிப்பது

கார்டின் டிகிரி மட்டும் எதையும் சொல்லாது. 10 கிலோ ஓம் வெப்பச் சென்சர் ஒன்றை லூப்பில் போட்டுத் தண்ணீரின் வெப்பத்தைப் பாருங்கள், ஃபேன் வேகத்தையும் அதோடு இணையுங்கள். அரை மணி நேர கேமுக்குப் பின் தண்ணீர் அறையைவிட 10 முதல் 12 டிகிரி கூடுதலாக நிற்பது நல்ல லூப். மே மாதச் சென்னையில் ஏசி இல்லாத அறை 34 என்றால் தண்ணீர் 45-ஐத் தொடும். அது கோளாறு அல்ல, அறையின் கணக்கு. 50-ஐத் தாண்டினால் ரேடியேட்டரோ காற்றோட்டமோ போதவில்லை.

தண்ணீருக்கும் சிப்புக்கும் இடையில் 10–15 டிகிரி வித்தியாசம் இயல்பு. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் ஹாட்ஸ்பாட் (சிப்பிலேயே மிகச் சூடான புள்ளி), சிப்பைவிட 10–15 மட்டும் கூடியிருந்தால் பிளாக் நன்றாக உட்கார்ந்திருக்கிறது. 25-ஐத் தாண்டினால் பேஸ்டோ திருகோ சரியில்லை. மெமரி மட்டும் 100-ஐ நெருங்கினால் பேட் சரியில்லை, 110-இல் மெமரி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தண்ணீர் குளிர்ச்சியாக இருக்க, கார்டு மட்டும் சூடாக இருந்தால் டெர்மினல் துளைகளை மறுபடி பாருங்கள்.

முதல் வாரத்தில் ரிசர்வாயர் மட்டம் ஒரு விரல் இறங்கும். சிக்கியிருந்த காற்று வெளியே வருவதுதான் காரணம், நிரப்பிவிடுங்கள். இரண்டாவது வாரமும் இறங்கினால் டிஷ்யூவை எடுத்துக்கொண்டு ஃபிட்டிங் ஃபிட்டிங்காகத் தொட்டுப் பாருங்கள்.