சீஏ 19-9 பரிசோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடம்பில் ஒரு வருத்தமும் இல்லாமல், "எதுக்கும் ஒருக்காப் பாத்து வைப்பம்" என்று வெள்ளவத்தையில் லாப் ஒன்றுக்குப் போய் சீஏ 19-9 (CA 19-9) என்ற இரத்தப் பரிசோதனையை எடுப்பதுதான் முதல் தவறு. கணையப் புற்றுநோயைத் தேடிப் பிடிக்கிற பரிசோதனை அல்ல அது.

நமது கலங்களின் மேற்பரப்பில் சீனி மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோர்த்திருக்கும். புற்றுநோய்க் கலங்களில் அந்தச் சங்கிலிகள் மாறும். சில அளவுக்கு மிஞ்சி உருவாகி இரத்தத்தில் கலக்கும். சீஏ 19-9 அப்படிப்பட்ட ஒன்று. தேத்தண்ணிக்குப் போடும் சீனி வேறு. நீரிழிவுக்குப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையில் இது தெரியவராது.

பெரும்பாலான லாப்களில் 'நோர்மல்' அளவின் மேல் எல்லை 37 (U/mL). றிப்போர்ட்டில் 52 என்று தடித்த எழுத்தும் பக்கத்தில் ஒரு அம்புக்குறியும் கண்டவுடன் வீடே அழத் தொடங்கிவிடும். பித்தக் குழாயில் கல் அடைத்தாலும் இந்த எண் ஏறும். கணைய அழற்சி, ஈரல் சுருக்கம், கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு ஆகியவற்றிலும் ஏறலாம். செங்கமாரி இருக்கும்போது சிலருக்கு ஆயிரத்தையும் தாண்டும். அடைப்பை நீக்கி, செங்கமாரி குறைந்த பிறகு திரும்பப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு ஒரு பொருள் உண்டு. சூலகப் புற்றுநோய்க்குப் பார்க்கும் சீஏ 125 உம் இப்படித்தான்: மாதவிடாய் நாட்களிலும் கர்ப்ப காலத்திலும் உயரும்.

எனக்கு இதைவிடப் பயம் தருவது 'நோர்மல்' றிப்போர்ட். 100 பேரில் ஏறக்குறைய 5 முதல் 10 பேரின் உடலால் இந்தச் சங்கிலியை உருவாக்கவே முடியாது. பிறப்பிலேயே அதற்கான நொதியம் வேலை செய்யாது. கணையத்தில் பெரிய கட்டி இருந்தாலும் அவர்களின் எண் ஏறாது. மற்றவர்களுக்கும் ஆரம்ப நிலையில் ஏறாமல் இருக்கலாம். ஆகவே காரணமில்லாமல் மெலிகிறவர், மேல்வயிற்று வலி முதுகுக்குப் பரவுகிறவர், ஐம்பது வயதுக்குப் பிறகு திடீரென நீரிழிவு வந்து உடம்பும் இளைக்கிறவர், 'நோர்மல்' என்று கண்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது. வைத்தியரிடம் போங்கள், ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.

சிகிச்சை தொடங்கிய பிறகுதான் இந்தப் பரிசோதனை உண்மையில் கைகொடுக்கும். எண் இறங்குகிறதா, திரும்ப ஏறுகிறதா என்பதே முக்கியம். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கிளினிக்குக்குப் போகிறவர்கள் ஒருமுறை ஒரு லாப், மறுமுறை இன்னொன்று என்று மாற்றாதீர்கள். இயந்திரம் மாறினாலே எண்ணும் மாறும். முடி வளர பயோட்டின் குளிசை எடுப்பவர்கள் இரத்தம் கொடுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சில இயந்திரங்களில் அது முடிவைக் குழப்பும்.