கார்டு மாறும்போது தாளம் அறுந்தால்

கீபோர்டில் ஸி, எஃப், ஜி மூன்று கார்டுகளும் (கார்டு என்பது ஒன்றாக அழுத்தும் மூன்று சுரங்கள்) தனித்தனியாக வந்துவிடும். மாறும் இடத்தில்தான் தாளம் அறுந்துபோகும். எனக்கும் அதே சிக்கல்தான். விரல் வேகம் போதாமல் அல்ல. ஒவ்வொரு கார்டையும் அதன் மூல சுரத்திலிருந்தே (அதன் பெயருக்குரிய சுரம், எஃப் கார்டுக்கு எஃப்) பிடிக்கப் போய், கை முழுவதும் தாவியதால்.

தாவாமல் பிடிக்கும் முறை இது. வலது கையில் ஸி-ஈ-ஜி: 1, 3, 5 விரல்கள், கட்டைவிரல்தான் 1. எஃப் கார்டுக்குக் கட்டைவிரல் ஸி-யிலேயே நிற்க, மற்ற இரண்டும் பக்கத்து வெள்ளைக் கட்டைக்கு ஏறினால் ஸி-எஃப்-ஏ. ஜி கார்டுக்குச் சுண்டுவிரல் அசையாது. மற்றவை ஒரு வெள்ளைக் கட்டை இறங்கி பி-டி-ஜி, விரல்கள் 1, 2, 5. பஜனையில் ஆர்மோனியம் வாசித்தவர்களுக்கு: சகப, சமத, நிரிப. நி மட்டும் கீழ் ஸ்தாயி.

எஃப்பிலிருந்து நேராக ஜி-க்குப் போவதுதான் உண்மையில் கடினம். பொதுச்சுரம் கிடையாது, நடுச்சுரம் எஃப்பிலிருந்து டி வரை இறங்கும், விரலும் 3-லிருந்து 2-க்கு மாறும். இதை மட்டும் தினமும் 10 நிமிடம் தனியாக வாசியுங்கள். மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டு, கார்டுக்கு 4 தட்டு, நான்காவது தட்டில் விரலைத் தூக்கி அடுத்த வடிவத்துக்குத் தயாராகுங்கள்.

இடது கைக்கு மூல சுரம் ஒன்றே போதும். கீழ் ஸ்தாயியில் மூன்று சுரமும் சேர்த்து அழுத்தினால் ஒலி குழம்பிவிடும்.

கோலாலம்பூர் செந்தூல் ஃபிளாட்டில் இரவில் ஹெட்போன் போட்டுத்தான் வாசிக்க முடியும். அதுவும் நல்லதே: மூன்று விரலும் ஒரே நேரத்தில் இறங்காவிட்டால் காதில் உடனே தெரிந்துவிடும்.